சிஸ்டரிடம் கேளுங்கள்: கோப்பில் இல்லாத பெயர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைப் பற்றியவை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மனநோய், வீட்டில் பிள்ளைகள். மற்றவர்களின் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிஸ்டருக்கு வணக்கம். நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 68. என் மகளுக்கு பைபோலார் (மனம் அளவுக்கு மீறிக் கிளர்வதும் பிறகு சோர்ந்து விழுவதுமாக மாறும் நோய்) என்று நாலு வருஷத்துக்கு முன்பு சொன்னார்கள். போன மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டாள். மூன்று ராத்திரி தூங்கவில்லை. நடுராத்திரியில் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து கழுவினாள், தடுக்கப்போன என்னைத் தள்ளிவிட்டாள். கடைசியில் போலீஸ் வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பேத்திக்கு 12, பேரனுக்கு 7. இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மருமகன் பிரிந்து போய்விட்டதால் பிள்ளைகள் இப்போது என்னோடு. அம்மா ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பேரன் மறுபடியும் படுக்கையை நனைக்கிறான். பேத்தி வீட்டு வேலையெல்லாம் தானே செய்கிறாள், ஆனால் பேச்சே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒருவரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர்களிடம் உண்மையைச் சொல்லலாமா? அம்மாவிடம் கூட்டிப்போகலாமா?

பதில்: அக்கா, முதலில் அந்த ஜோபர்க் கதையை விட்டுவிடுங்கள். போலீஸ் வந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் அவர்கள். நீங்கள் சொல்வது பொய் என்று பேத்திக்கு நன்றாகவே தெரியும். ஆயாவே மறைக்கிறார் என்றால் இது பேசக்கூடாத விஷயம் என்று முடிவு கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். பேரன் கதை வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்குக் காரணம் சொல்லாவிட்டால் அவனே ஒரு காரணம் கண்டுபிடிப்பான், அதில் குற்றவாளி பெரும்பாலும் அவனாகத்தான் இருப்பான். நான் அம்மா சொன்ன பேச்சைக் கேட்காததால்தான் போலீஸ் வந்தது என்று எட்டு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் அழுதிருக்கிறான். அதற்கு முன்னால் ஆறு மாதமாக அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தான்.

பேரனிடம் இப்படிச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இந்த நோய் மூளையில் வருவது. மூளை ஓய்வெடுக்க முடியாமல் போனதால்தான் அம்மா தூங்காமல், கத்திக்கொண்டு, விநோதமாக நடந்துகொண்டாள். இதற்குப் பெயர் பைபோலார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள். நீ எதுவும் செய்ததால் இது வரவில்லை. உனக்கு ஒட்டிக்கொள்ளாது. அம்மா வரும்வரைக்கும் ஆயா உன்னைப் பார்த்துக்கொள்வேன், காலையில் ஸ்கூலுக்கும் நான்தான் கூட்டிப்போவேன்.” கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். சோறு யார் போடுவார்கள், யார் பக்கத்தில் படுப்பார்கள் என்பதுதான் அந்த வயதின் பெரிய பயம். என்றைக்கு வருவாள் என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள். டாக்டர் சொன்னவுடன் உனக்கு முதலில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், அப்படியே செய்யுங்கள்.

நம் வீடுகளில் இதை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி மூடுவோம். யாரோ செய்துவிட்டார்கள் என்றும் பேச்சு எழும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்துகொள்ளுங்கள், நானும் நேர்ந்துகொள்கிறவள்தான். ஆனால் பிள்ளைகள் காதுபட ‘செய்வினை’ என்ற சொல் வரக்கூடாது. அடுத்த வீட்டுக்காரர் மேல் பயத்தோடு ஒரு பிள்ளை வளரவேண்டாம்.

இனி உங்கள் பேத்தி. அவளை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. ‘எவ்வளவு பொறுப்பான பிள்ளை’ என்று சொந்தக்காரர்கள் மெச்சியிருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் மெச்சியிருப்பேன்.

1980களின் கடைசியில் ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் பெயர் கூப்பிடுவது என் வேலை. ஒரு தாய் மாதம் தவறாமல் வருவார். பள்ளிச் சீருடையோடு பதினோரு வயது மகளும் கூட வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மடியில் பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு நோட்டு. வீட்டுப்பாடம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் அப்படி வந்தபோது அந்தத் தாய் உள்ளே போய் நன்றாக இருக்கிறேன் என்றார், மாத்திரை வாங்கிக்கொண்டார், போய்விட்டார். அந்த வாரக் கடைசியிலேயே மோசமான நிலையில் வார்டில் சேர்த்தார்கள். மகள் அந்த நோட்டை என் கையில் கொடுத்து, “இதை நீங்க வச்சுக்குங்க சிஸ்டர், இனிமே என்னால எழுத முடியல” என்றாள். திறந்து பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பத்திகள். தேதி, காலை மாத்திரை, இரவு மாத்திரை, சாப்பிட்டது, தூங்கியது. கடைசிப் பக்கத்தில் ஒன்பது நாள் தொடர்ந்து ‘தூங்கல, தூங்கல’ என்று எழுதியிருந்தாள். அந்த ஒன்பது நாளின் நடுவில்தான் கிளினிக் தேதி வந்தது. அவள் பெஞ்சில் இருந்தாள், நோட்டு மடியில் இருந்தது, நான் பத்தடி தூரத்தில் நின்று அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அந்தத் தாயின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ‘பிள்ளைகள்’ என்ற கட்டத்தில் 3 என்று இருந்தது. என் கையெழுத்துதான். அந்த மூன்று பேரின் பெயர் எங்கேயும் இல்லை, வயது இல்லை, அம்மா வார்டில் இருக்கும்போது யார் சமைக்கிறார்கள் என்பதும் இல்லை.

இதை நான் சொல்வது பிள்ளைகளை நோட்டு எழுத வைப்பதற்காக இல்லை அக்கா. அந்த நோட்டு பெரியவர்கள் கையில் இருந்திருக்கவேண்டும். மகளின் தூக்கத்தை, மாத்திரையை இனி நீங்கள் பாருங்கள். “அதை ஆயா பார்த்துக்கொள்கிறேன், உன் வேலை ஸ்கூலுக்குப் போவதும் விளையாடுவதும்தான்” என்று பேத்தியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டு வேலை எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிடாதீர்கள், தன்னால் பயனில்லை என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள். பேரனைப் படுக்கை நனைத்ததற்காகத் திட்டவேண்டாம். பயம் குறைந்தால் பெரும்பாலும் தானாக நிற்கும். நிற்காவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. யாரும் கேட்கவில்லை என்கிறீர்கள், உண்மைதான். பெரியவர்களுக்கான மனநலப் பிரிவு நோயாளியைப் பார்க்கும், நோயாளி யாருக்கு அம்மா என்று பார்க்காது. பிள்ளைக்கே நோய் வந்தால்தான் குழந்தைகள் பிரிவு. இரண்டுக்கும் நடுவில் உங்கள் பேரப்பிள்ளைகள் மாதிரி ஆயிரம் பிள்ளைகள் நிற்கிறார்கள். நார்வேயில் 2010 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ மனநோய், போதைப் பழக்கம், கடும் உடல்நோய் என்றால், வைத்தியம் பார்க்கிறவர்களே அவர்களுடைய சின்னப் பிள்ளைகளுக்கு விவரமும் உதவியும் கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். மருத்துவமனைகளில் இதற்கென்று பொறுப்பாளரும் உண்டு. நம் தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளை நன்றாகவே காக்கிறது. உங்கள் மகளைச் சம்மதமில்லாமல் சேர்த்திருந்தால் 72 மணி நேரம் வைத்து மதிப்பிடவேண்டும், அதற்கு மேல் வைப்பதை மறுஆய்வு வாரியம் பார்க்கவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகளைக் கேள் என்ற கட்டளை மட்டும் இல்லை. அது வரும்வரைக்கும் நாம்தான் கேட்கவைக்கவேண்டும்.

எப்படி என்றால், ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளின் பெயர், வயது, பள்ளிக்கூடம், இப்போது யாரிடம் இருக்கிறார்கள், உங்கள் போன் நம்பர். கீழே இரண்டு வரி: வீட்டுக்கு அனுப்பும் முன்பு எனக்குச் சொல்லுங்கள், சோஷியல் ஒர்க்கரைப் பார்க்க நேரம் கொடுங்கள். வார்டு சிஸ்டர் கையில் கொடுத்து, கோப்பில் வையுங்கள் என்று சொல்லி, வைக்கும்வரைக்கும் நில்லுங்கள். மகளின் சம்மதமில்லாமல் அவள் நோய் விவரத்தை உங்களிடம் சொல்ல முடியாது என்பார்கள். அது சரிதான், அது அவளுடைய உரிமை. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. நாங்கள் நர்ஸுகள் பலபேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டுக்காரர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறோம். நீங்கள் திரும்பிவிடாதீர்கள்.

பார்க்கக் கூட்டிப்போகலாமா என்று கேட்டீர்கள். கூட்டிப்போகலாம், மகள் கொஞ்சம் தெளிந்த பிறகு, பிள்ளைகள் வருகிறேன் என்று சொன்னால். முதல் நாளே வார்டுக்குப் போன் செய்து பிள்ளைகளை உள்ளே விடுவார்களா, படுக்கைகள் இல்லாத ஒரு அறையோ தோட்டத்து பெஞ்சோ கிடைக்குமா என்று கேளுங்கள். அம்மா தூக்கக் கலக்கத்தில் இருப்பாள், மருந்தால் கை நடுங்கலாம், நாக்கு வறண்டு பேச்சு குழறலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் கூட்டிப்போனால் அந்தக் கை நடுக்கம்தான் பேரன் கனவில் வரும். கலர் பென்சில், சீட்டுக்கட்டு ஏதாவது கொண்டு போங்கள், சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது யாருக்கும் கஷ்டம். இருபது நிமிஷம் போதும். பேத்தி வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அவளுக்கு அம்மா மேல் கோபம் இருக்கும், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

ஒரு விஷயம் பணம் பற்றி. பிள்ளைகளை நீங்கள்தான் வளர்க்கிறீர்கள் என்றால் அரசின் குழந்தை ஆதரவு கிராண்ட் (மாத உதவித்தொகை) உங்கள் பெயரில் கேட்கலாம். அதற்குப் பெற்ற தாயாக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கரே வழி சொல்வார்.

மகள் தேறி வீட்டுக்கு வந்ததும், நன்றாக இருக்கும் ஒரு நாளில், அவளையே உட்காரவைத்து ஒரு தாள் எழுதச் சொல்லுங்கள். எனக்கு மறுபடி நோய் தொடங்குகிறது என்பதற்கு முதல் அடையாளம் எது, யாரை அழைக்கவேண்டும், பிள்ளைகள் எங்கே தூங்கவேண்டும், பள்ளியில் யாரிடம் சொல்லவேண்டும், பேரனுக்கு எந்தச் சாப்பாடு ஆகாது. அவளே கையெழுத்துப் போடட்டும். ஒரு பிரதி கிளினிக் கோப்புக்கு, ஒன்று உங்களுக்கு. தன் பிள்ளைகளுக்காகத் தானே ஏற்பாடு செய்தோம் என்பது அவளுக்கும் பெரிய பலம். பேத்தியின் பையில் ஒரு சிறிய அட்டை: உங்கள் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116, ஆம்புலன்ஸ் 10177.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 31 வயது, டர்பன் பீனிக்ஸில் இருக்கிறேன். ஸ்கிட்ஸோஃப்ரினியாவுக்கு (மனச்சிதைவு நோய்) மாதா மாதம் ஊசி போட்டுக்கொள்கிறேன். இரண்டு வருஷமாக நன்றாக இருக்கிறேன். எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருப்பதைக் கிளினிக்கில் சொல்லவே பயம். சொன்னால் சோஷியல் ஒர்க்கர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று என் மாமியார் சொல்கிறார்.

பதில்: தங்கச்சி, இந்தப் பயத்தை நான் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். இது காரணமில்லாத பயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் சொல்வதைக் கேட்டுக்கொள். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், கவனிப்பாரில்லாத, கொடுமைக்கு உள்ளான, கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. தாய்க்கு நோய் இருப்பது மட்டுமே பிள்ளையை எடுக்கக் காரணமாகாது. பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்தாலும் விஷயம் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு முன்னால் போகவேண்டும், யாரோ ஒருவர் நினைத்தபடி முடிகிற காரியம் இல்லை. தவறாமல் ஊசி போடுகிற, பிள்ளைக்காக உதவி கேட்கிற தாய் என்று கோப்பில் எழுதியிருப்பது உனக்குச் சாதகம். மறைத்தது பின்னால் தெரிய வந்தால்தான் சங்கடம்.

அடுத்த தேதிக்குப் போகும்போது, “எனக்கு ஐந்து வயதில் மகள் இருக்கிறாள், அவளுக்கு என் நோயை எப்படிச் சொல்வது என்று கேட்கவேண்டும்” என்று சிஸ்டரிடம் பேச்சைத் தொடங்கு. உதவி கேட்பதாகத் தொடங்கினால் பேச்சு நல்ல வழியில் போகும். ஊசி போட்ட பிறகு அசதியாக இருக்கிறதா, காலையில் மகளைக் கிளப்ப முடியாமல் தூக்கம் அழுத்துகிறதா, அதையும் சொல். மருந்தின் அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்றிப் பார்க்கலாம். நீ ஒரு தாய் என்று தெரிந்தால்தானே அவருக்கு அது தோன்றும்? நீயாக மட்டும் எதையும் குறைத்துவிடாதே.

பின்லாந்தில் டுட்டி சோலந்தாவுஸ் என்ற குழந்தை மனநல மருத்துவர் ஒரு எளிய முறையைக் கொண்டுவந்தார். தாய்க்கு வைத்தியம் பார்க்கும் நர்ஸோ டாக்டரோ இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து தாயோடு பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். பிள்ளைக்கு எது நன்றாகப் போகிறது, எங்கே கஷ்டப்படுகிறாள், வீட்டிலும் பள்ளியிலும் யார் துணை. இதற்குப் பெரிய மெஷினோ கட்டடமோ வேண்டாம், ஒரு நாற்காலியும் கொஞ்ச நேரமும் போதும். நம் கிளினிக்குகளில் கூட்டம் எப்படி என்று எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் கேள். ஒரு சிஸ்டர் இல்லாவிட்டால் இன்னொரு சிஸ்டர் உட்காருவார்.

மாமியார் மேல் கோபப்படாதே. ஊசி போடும் நாளில் பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் வேலையை அவரிடம் கொடு.

கேள்வி: எனக்கு 17 வயது, டோங்காட். அப்பாவுக்கு ஸ்கிட்ஸோஃப்ரினியா. அம்மா ராத்திரி ஷிஃப்ட் போகிறார்கள், அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் இது வருமா? அடுத்த வருஷம் கேப்டவுனில் படிக்க இடம் கிடைத்தால் போகலாமா?

பதில்: தம்பி, நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் நூறில் ஏறக்குறைய பத்து. அதாவது உன் நிலைமையில் இருக்கும் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு இது வருவதில்லை. உன் கையில் இருப்பது ஒன்று பெரியது: டக்கா (கஞ்சா) பக்கம் போகாதே. நண்பர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்காதே, குடும்பத்தில் இந்த நோய் இருப்பவர்களுக்கு அதன் ஆபத்து கூடுதல். தூக்கத்தைக் காப்பாற்று. வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டாலோ, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்டாலோ, எல்லோரும் உன்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றினாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போ. விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் 12 வயதுக்கு மேல் வைத்தியத்துக்கு நீயே சம்மதம் கொடுக்கலாம். அப்பா அம்மா கையெழுத்துக்காகக் காத்திருக்கவேண்டாம்.

2012இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு உனக்குத் தெரியவேண்டும். 13 ஆய்வுகள், 1,490 பிள்ளைகள், எல்லோரும் மனநோய் உள்ள பெற்றோரின் பிள்ளைகள். குடும்பத்தோடு பேசி, விளக்கி, துணை கொடுத்த வீடுகளில், பெற்றோரின் அதே நோய் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து 40 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தத்தில் எழுதிய விதி என்று யாராவது சொன்னால் நம்பாதே.

கேப்டவுனுக்குப் போ. நீ போனால் அப்பா என்ன ஆவார் என்ற கேள்வியைத் தனியாகச் சுமக்காமல் கிளினிக்கில் வை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு அப்பாவின் அடுத்த தேதிக்குப் போய், “இதுவரைக்கும் நான் இன்னின்னதைச் செய்தேன், பிப்ரவரியிலிருந்து நான் இருக்கமாட்டேன், இதை இனி யார் செய்வது?” என்று சொல். மாத்திரை, ஊசி நாள், இரவில் கதவுப் பூட்டு, பேங்க் கார்டு, எல்லாவற்றையும் சொல். அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இவ்வளவு நாளாக அந்த வீட்டில் ஒரு நர்ஸ் வேலை பார்த்தது ஒரு பள்ளி மாணவன் என்று அவர்களுக்கு இதுவரை தெரியாது.

எப்போதாவது பாரம் தாங்காமல் உயிரே வேண்டாம் என்று தோன்றினால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567, எந்த நேரமும், இலவசம். அந்தத் தேதிக்குப் போய் வந்ததும் எனக்கு எழுது. கோப்பில் உன் பெயரை எழுதினார்களா என்று கேட்டு எழுது.